இந்த வேகன் எங்கே போகிறது?



இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் பழைய மாதிரி ரயில் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் விளையாடவோ, வருவோர் போவோருக்கு வேடிக்கை காட்டவோ அதைச் செய்யவில்லை. லங்காஷயர் அண்டு யார்க்ஷயர் ரயில்வே தன் சிக்னல் ஊழியர்களைப் பழக்குவதற்காக 1912-இல் மான்செஸ்டர் விக்டோரியா ஸ்டேஷனில் நிறுவிய பயிற்சிக் கருவி அது. ஒரு வண்டியை அனுப்ப வேண்டுமென்றால் அடுத்த சிக்னல் கேபினை மணியடித்துக் கேட்க வேண்டும். அங்கிருந்து சம்மதம் வந்த பிறகே கைகாட்டியை இறக்கலாம். இந்த மாதிரியில் தவறு செய்தால் கையளவு பெட்டி இரண்டு இடித்துக்கொள்ளும். அதே தவறை நிஜத் தண்டவாளத்தில் செய்தால் உயிர்கள் போகும்.

மாதிரி ரயில் என்றதும் நம் மனதில் வருவது வேறு படம். மேஜை மேல் வட்டத் தண்டவாளம், நடுவில் ஒரு பச்சை மலை, மலையைக் குடைந்து ஒரு சுரங்கம். வண்டி உள்ளே போகும், வெளியே வரும், மறுபடி உள்ளே போகும். முதல் ஐந்து நிமிடம் கண்ணை எடுக்க முடியாது. பத்தாவது நிமிடத்தில் வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். இருபதாவது நிமிடத்தில் செய்தவருக்கே அலுக்கும். வண்டி அழகாகத்தான் இருக்கிறது, குறையில்லாமல்தான் ஓடுகிறது. ஆனால் அது எங்கேயும் போகவில்லை. எதையும் கொண்டுபோகவில்லை, யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

1930-களிலிருந்தே சிலரை இந்தக் குறை உறுத்தியது. அமெரிக்காவில் 1934-இல் ‘மாடல் ரயில்ரோடர்’ பத்திரிகை தொடங்கியது. அடுத்த ஆண்டு தேசிய மாதிரி ரயில் சங்கம் உருவானது. அந்தக் காலத்து ஆர்வலர்கள் பெரும்பாலும் எஞ்சின் கட்டுவதில்தான் மூழ்கியிருந்தார்கள். பித்தளையை அறுத்து, பற்றவைத்து, மோட்டார் பொருத்தி அது ஓடிவிட்டால் போதும். நியூ ஆர்லியன்ஸில் ‘டெல்டா லைன்ஸ்’ என்ற ரயில் பாதையை அமைத்த ஃபிராங்க் எலிசனுக்கு அது போதவில்லை. நாடகத் துறையில் பழகியவர் அவர். 1944-இல் அதே பத்திரிகையில் எழுதிய தொடரில், மாதிரி ரயில் அமைப்பு ஒரு மேடை, வண்டிகள் நடிகர்கள், கால அட்டவணைதான் கதை என்று வாதாடினார். ஸ்டேஷன்தோறும் வண்டி நிற்க வேண்டும். சரக்கு இறங்க வேண்டும், ஏற வேண்டும். எதிர்வண்டிக்கு வழிவிட வேண்டும். தண்டவாளத்தை எங்கே போடுவது என்பதை இந்த வேலைதான் தீர்மானிக்க வேண்டும் என்றார்.

இன்றைய சொற்பொழிவின் பொருளும் அதுதான். நிஜ ரயில்வே போல இயங்கும் ஒரு மாதிரி ரயிலை வடிவமைக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தண்டவாளம் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதல்ல. இந்த வேகன் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, ஏன் போகிறது? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வடிவம் தானாக வந்துவிடும். இதைச் செய்யாமல் வரைந்த திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடைசியில் வட்டத்தில்தான் போய் முடியும்.

இடம்தான் முதல் எதிரி. உலகில் அதிகம் புழங்கும் அளவு எச்.ஓ.; நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. இதிலே ஒரு மைல் தூரம் என்பது ஏறக்குறைய 60½ அடி. பத்து மைல் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஸ்டேஷன்களை அளவு மாறாமல் செய்தால் அறுநூறு அடிக்கு மேல் போகும். வளைவு அதைவிட மோசம். அமெரிக்க மலைப்பாதையில் பத்து டிகிரி வளைவு என்றால் கடுமையான வளைவு. அதன் ஆரம் 573 அடி. எச்.ஓ. அளவில் அது ஆறடி ஏழு அங்குலம். அதாவது ஒரே ஒரு அரைவட்டம் பதிமூன்றடிக்கு மேல் அகலம் கேட்கும். வீட்டில் அத்தனை இடம் யாரிடம் இருக்கிறது? அதனால்தான் 24, 30 அங்குல ஆரத்தோடு எல்லோரும் சமரசம் செய்துகொள்கிறார்கள்.

இந்தச் சமரசத்தை ஒரு முறையாக வகுத்துக் கொடுத்தவர் ஜான் ஆம்ஸ்ட்ராங். அமெரிக்கக் கடற்படைக்காகப் பணியாற்றிய பொறியாளர். மேரிலாந்தில் தன் வீட்டில் ‘கனண்டைகுவா சதர்ன்’ என்ற கற்பனை ரயில்வேயை நடத்தினார். 1963-இல் வெளியான அவருடைய ‘டிராக் பிளானிங் ஃபார் ரியலிஸ்டிக் ஆபரேஷன்’ இன்றும் இந்தத் துறையின் அடிப்படை நூல். வடிவமைப்பைத் தொடங்குமுன் இரண்டு பட்டியல் போடச் சொன்னார். ஒன்றில் மாற்ற முடியாதவை: அறையின் அளவு, கதவு எங்கே, தூண் எங்கே. மற்றதில் ஆசைகள்: எந்தக் காலம், எந்த ஊர், எத்தனை பெட்டி வண்டி. பிறகு அறையை அடியால் அளக்காமல் ‘சதுர’த்தால் அளக்கச் சொன்னார். சதுரத்தின் பக்கம் என்பது, போடப்போகும் மிகக் குறுகிய வளைவின் ஆரத்தோடு, பக்கத்துப் பக்கத்துத் தடங்களின் இடைவெளியை இரண்டு தடவை கூட்டினால் வரும் நீளம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆரம் 30 அங்குலம், தட இடைவெளி 2¼ அங்குலம் என்றால் சதுரத்தின் பக்கம் 34½ அங்குலம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் குறுக்கே மூன்றரைச் சதுரம், நெடுக்கே நாலுக்குச் சற்று அதிகம். வண்டி அரைவட்டமாகத் திரும்பி வர இரண்டு சதுர அகலம் வேண்டும். மீதி இருப்பது ஒன்றரைச் சதுரம். ஆள் நின்று நடக்கும் வழியையும் அதற்குள்தான் அடக்க வேண்டும். ஆக, இந்த அறையில் ஒரு திருப்பம் போடலாம், பக்கம் பக்கமாக இரண்டு முடியாது. பென்சிலை எடுக்குமுன்பே தெரிந்துவிடுகிறது. ஆசையோடு இரவெல்லாம் வரைந்து, மரம் வாங்கி, அறுத்து, கடைசியில் வண்டி கவிழ்கிறதே என்று கைபிசைந்து நிற்கும் ஆர்வலர்களை இந்த ஒரு கணக்கு காப்பாற்றியிருக்கிறது.

ஏற்ற இறக்கமும் இப்படித்தான். ஒரு பாதை இன்னொன்றைத் தாண்டிப் பாலத்தில் போக, எச்.ஓ. அளவில் மூன்று அங்குல உயரமாவது வேண்டும். நூற்றுக்கு இரண்டு என்ற ஏற்றத்தில் அந்த உயரத்தை எட்ட 12½ அடி ஓட வேண்டும். இறங்க இன்னொரு 12½ அடி. காகிதத்தில் எட்டு வடிவம் வரைவது சுலபம்தான். சின்ன அறையில் அதைப் போட்டால் எஞ்சின் மூன்று பெட்டிகூட இழுக்காது.

அடுத்து, அறைக்கு வெளியே இருக்கும் உலகம். எந்த ரயில் பாதையும் தன்னந்தனியாக இல்லை. நிலக்கரி எங்கிருந்தோ வருகிறது, வேறெங்கோ இருக்கும் துறைமுகத்துக்குப் போகிறது. ஒஹையோ மாநிலம் டேட்டன் நகரில் ‘வர்ஜீனியன் அண்டு ஒஹையோ’ என்ற கற்பனை ரயில்வேயை அமைத்த ஆலன் மெக்லெலண்ட் இதை எல்லோருக்கும் புரியவைத்தார். அப்பலாச்சிய மலையில் நிலக்கரி ஏற்றிச் செல்லும் பாதை அது. அதன் இரு கோடியிலும், பார்வைக்குத் தெரியாத இடத்தில், வரிசையாகத் தடங்கள். வண்டிகள் அங்கே தயாராக நிற்கும். நேரம் வந்ததும் ‘தொலைவிலிருந்து’ வரும். அறையைக் கடந்து மறுகோடியில் மறையும். மறைந்ததும் அது வேறொரு நிஜ ரயில்வேயின் பாதையில் ஓடிக்கொண்டிருப்பதாகக் கணக்கு. பிரிட்டனில் இப்படிப்பட்ட யார்டை ஃபிடில் யார்டு என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தத் தடங்களுக்கு இடம் ஒதுக்க மனம் வராமல், அங்கேயும் ஒரு மலையையோ ஊரையோ வைத்துவிடுபவர்கள் பலர். அது வீண் சிக்கனம். வண்டி வர ஒரு வெளியும் போக ஒரு வெளியும் இல்லாவிட்டால் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை.

மெக்லெலண்டின் இன்னொரு கொள்கை, ‘போதுமான அளவு’ நன்றாக இருந்தால் போதும் என்பது. ஒவ்வொரு வேகனிலும் ஒவ்வொரு ஆணியையும் காட்ட முயன்றால் ஆயுளுக்குப் பத்து வேகன்தான் தேறும். ஒரு முழு ரயில்வே வேண்டுமென்றால் எங்கே நுணுக்கம் தேவை, எங்கே தேவையில்லை என்று பிரித்தறிய வேண்டும். அவரோடு சேர்ந்து இயங்கிய பத்திரிகையாசிரியர் டோனி கோஸ்டர் இதை வேறு திசையில் வளர்த்தார். கற்பனையாக ஒரு ஊரை வரைவதைவிட, நிஜமாக இருக்கும் ஒரு ஸ்டேஷனின் தட அமைப்பை எடுத்து, சுருக்கி, அப்படியே பதித்துவிடுங்கள் என்றார். நிஜ ரயில்வேப் பொறியாளர்கள் பணத்தையும் நேரத்தையும் எண்ணி எண்ணிப் போட்ட தடங்கள் அவை. தடம் பிரியும் ஒவ்வொரு பாயின்டுக்கும் ஒரு காரணம் உண்டு. அமைத்தவருக்கு அது தெரியாவிட்டாலும் இயக்கும்போது தெரிந்துவிடும்.

அந்தக் காரணம் எப்படித் தெரியும் என்பதை ஒரு சிற்றூர் ஸ்டேஷனில் வைத்துப் பார்க்கலாம். ஒற்றைப் பாதை, மெயின் லைன், பக்கத்தில் இரு முனையிலும் அதோடு சேரும் ஒரு லூப். மேற்கிலிருந்து கிழக்கே ஒரு கூட்ஸ் வருகிறது. முன்னால் எஞ்சின், பின்னால் ஆறு வேகன், கடைசியில் கார்டு வேன். மூன்றாவது வேகன் மாவு மில்லுக்கு, கோதுமை நிறைந்திருக்கிறது. மில்லில் ஏற்கெனவே ஒரு காலி வேகன் நிற்கிறது, அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். மில்லுக்குப் பிரிந்து அங்கேயே முடியும் சைடிங்கின் பாயின்ட் கிழக்குப் பக்கம் இருக்கிறது, சைடிங் அங்கிருந்து மேற்கு நோக்கி ஓடுகிறது.

வண்டி நின்றதும் மூன்றாவது வேகனுக்குப் பின்னால் கப்ளிங்கைக் கழற்றுகிறார்கள். எஞ்சின் மூன்று வேகனோடு பாயின்டைத் தாண்டி முன்னே போகிறது. பாயின்டை மாற்றியதும் பின்னுக்குத் தள்ளி, சைடிங்கில் நிற்கும் காலி வேகனோடு கோத்துக்கொள்கிறது. வெளியே இழுக்கிறது. மெயின் லைனில் பின்னுக்கு வந்து, காலி வேகனை வண்டியின் மிச்சத்தோடு சேர்த்து விடுகிறது. மறுபடி முன்னே, மறுபடி சைடிங்குக்குள், கோதுமை வேகனை மில் வாசலில் நிறுத்தி வெளியே வந்து வண்டியோடு சேர்கிறது. எட்டு அசைவுகள். ஒரு வேகனை வைத்து ஒரு வேகனை எடுக்க இத்தனை வேலை.

இதே ஊரில் மரக்கடை சைடிங்கின் பாயின்ட் மேற்குப் பக்கம் இருந்து, தடம் கிழக்கு நோக்கி ஓடினால் கதை மாறிவிடும். எஞ்சின் முன்னால் நின்றபடி உள்ளே போனால் வேகனுக்கும் தட முடிவுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். வேகனை மெயின் லைனில் விட்டுவிட்டு, லூப் வழியாகச் சுற்றி வந்து பின்பக்கத்திலிருந்து தள்ள வேண்டும். அந்த நேரம் முழுக்க மெயினும் லூப்பும் அடைபட்டுக் கிடக்கும். பழைய அமெரிக்க விதிப்படி, கீழ்நிலை வண்டி மேல்நிலை வண்டியின் நேரத்துக்குக் குறைந்தது ஐந்து நிமிடம் முன்பே பாதையை விட்டு ஒதுங்கியிருக்க வேண்டும். பாசஞ்சர் 10.40-க்கு வருகிறது என்றால் 10.35-க்குள் கூட்ஸ் முழுவதும் லூப்புக்குள் இருக்க வேண்டும். லூப் ஐந்து வேகன் நீளம்தான் என்றால் ஆறு வேகன் வண்டி எங்கே ஒதுங்கும்? எனவே முழுப் பாதையிலும் வண்டியின் நீளத்தை நிர்ணயிப்பது மிகக் குட்டையான லூப்தான். எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்பது இரண்டாம் பட்சம்.

யார்டில் நடக்கும் தவறு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பத்துத் தடம், பன்னிரண்டு தடம் என்று வேகன் நிறுத்த இடம் பண்ணிவிட்டு, அவற்றைப் பிரித்து அடுக்கும் எஞ்சின் முன்னும் பின்னும் ஓட ஷன்டிங் நெக் வைக்க மறந்துவிடுகிறார்கள். எஞ்சின் ஒவ்வொரு தடவையும் மெயின் லைனுக்கு வந்து போக வேண்டியிருக்கும். ஒரு எக்ஸ்பிரஸ் வந்தால் யார்டு முழுக்க கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஆறு தடம் போதும்; அவற்றில் மிக நீளமான தடத்தின் நீளத்துக்கு ஒரு ஷன்டிங் நெக் இருந்தால், அந்த யார்டு பன்னிரண்டு தட யார்டைவிட இரண்டு மடங்கு வேலை பார்க்கும்.

சரி, மூன்றாவது வேகன் மில்லுக்குப் போக வேண்டும் என்று யார் முடிவு செய்தது? நிஜ ரயில்வேயில் அதற்குச் சரக்குச் சீட்டு இருக்கிறது. இதை மேஜைக்குக் கொண்டுவந்த முறையை 1961-இல் டக் ஸ்மித் எழுதினார். ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டை. அதில் வேகனின் எண், வகை. அட்டையின் அடியில் சிறு பை. அதற்குள் ஒரு சீட்டு. சீட்டின் இரு பக்கமும் இரு தலைப்பும் சேர்ந்து நான்கு பயணம். முதல் தடவை கோதுமையோடு மில்லுக்கு. அடுத்த தடவை காலியாக யார்டுக்கு. மூன்றாவது தடவை மரம் ஏற்ற. நான்காவது தடவை மரக்கடைக்கு. ஒரு ஓட்டம் முடிந்து அடுத்த ஓட்டத்துக்கு முன் சீட்டைத் திருப்பினால் போதும், வேகனுக்குப் புதிய வேலை வந்துவிடும். கணினியில் சீட்டு அச்சிடும் வசதி வந்த பிறகும், பல வீடுகளில் பலகை ஓரத்தில் ஊர்ப்பெயர் எழுதிய சிறு பெட்டிகளும் அவற்றில் இந்த அட்டைகளும்தான் இருக்கின்றன. கையில் அட்டைக் கட்டோடு வண்டிக்குப் பின்னால் நடப்பவருக்கு, தான் ஓட்டுவது பொம்மை என்ற நினைப்பே வராது.

நேரத்தையும் சுருக்கத்தான் வேண்டும். மணிக்கு முப்பது மைல் வேகத்துக்கு ஈடாக ஓடும் எச்.ஓ. வண்டி நொடிக்கு அரையடி நகரும். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே இருபதடி என்றால் நாற்பது நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் வேகக் கடிகாரம் வைக்கிறார்கள். நான்கு மடங்கு வேகத்தில் ஓடினால் அந்த நாற்பது நொடி இரண்டு நிமிடம் நாற்பது நொடி ஆகும், ஒரு முழு நாள் ஆறு மணி நேரத்தில் முடியும். சிலர் பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு வைக்கிறார்கள். அது ஷன்டிங் செய்பவருக்குச் செய்யும் அநியாயம். வண்டி ஓட்டம் சுருங்கலாம். கப்ளிங் கழற்றுவதும் அட்டை படிப்பதும் சுருங்காது. மாவு மில்லில் பார்த்த அந்த எட்டு அசைவுக்குள் பன்னிரண்டு மடங்குக் கடிகாரம் இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

ஆட்களை மறந்த வடிவமைப்பும் பாழ்தான். பழைய அமைப்புகளில் ஒருவர் நடுவில் உட்கார்ந்து, தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, சுவிட்சுகளால் மின்சாரத்தை மாற்றி மாற்றி விட்டார். 1990-களில் டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறைக்குத் தேசிய மாதிரி ரயில் சங்கம் தர அளவுகள் வகுத்தது. தண்டவாளம் முழுக்க மின்சாரம் இருக்க, ஒவ்வொரு எஞ்சினும் தனக்குரிய கட்டளையை மட்டும் கேட்டுக்கொள்கிறது. ஓட்டுநர் தன் வண்டியோடு கூடவே நடக்கிறார். அப்படியானால் நடைவழி மூன்றடியாவது வேண்டும். இரண்டு பேர் முகம் சுளிக்காமல் ஒருவரையொருவர் தாண்டிப் போக வேண்டும். பாயின்டும் கப்ளிங்கும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், இரண்டரை அடிக்கு அப்பால் போனால் முழங்கை பட்டு ஒரு ஊரே சாயும்.

கலிபோர்னியாவில் மான்டரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலனைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. தரையிலிருந்து கூரை வரை எழும் மலைகளும், அந்தரத்தில் நிற்கும் பாலங்களுமாக அவர் அமைத்த ‘கோரி அண்டு டிஃபீட்டட்’ உலகெங்கும் படமாகப் பரவியது. அதில் ஷன்டிங் எஞ்சினுக்குப் பதிலாக ஒரு டைனோசரைக்கூட விட்டிருந்தார். அழகுக்காகவே அவரைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் நண்பர்களைக் கூட்டி, கடிகாரம் வைத்து, அந்த மலைகளினூடே ஒழுங்காகச் சரக்குப் போக்குவரத்து நடத்தியவரும் அவரே. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களிலேயே தீப்பிடித்து அந்த அமைப்பு பெரும்பாலும் அழிந்தது.

அவர் விட்டுச்சென்றவற்றில் ஒன்று ‘டைம்சேவர்’. ஐந்து பாயின்ட், சில குட்டைத் தடங்கள். வேகன்களை மிகக் குறைந்த நேரத்தில் உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். போட்டிக்கு அருமையான புதிர். அதை அப்படியே ஒரு ஊராக மாற்றித் தங்கள் பாதையில் பதித்தவர்கள் உண்டு, அதுதான் தவறு. எந்த ரயில்வேயும் தன் ஊழியர்களைத் திணற வைக்கத் தடம் போட்டதில்லை. நிஜத்தில் தடம் வேலையைக் குறைக்கத்தான் போடப்படுகிறது. அப்படியும் மிஞ்சும் வேலை, ஒரே நேரத்தில் பல வண்டிகள் வருவதால் வருகிறது. அந்தச் சிக்கல் நேர்மையானது, அலுக்காது.

அலுக்கவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் பிரிட்டனின் பாதிரியார் பீட்டர் டென்னியைச் சொல்லலாம். 1940-களில் தொடங்கி, 1907-ஆம் ஆண்டைக் காலமாக வைத்துக்கொண்டு, ‘பக்கிங்காம்’ என்ற கிளைப் பாதையை அமைத்தார். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மணியடித்து வண்டி கேட்கும் முறை, அதற்கேற்ற கால அட்டவணை, எல்லாம் உண்டு. உடன் இயக்கிவந்த மகன் கிரிஸ்பின் வளர்ந்து வீட்டைவிட்டுப் போனதும், அவருடைய வேலையைச் செய்ய ஒரு இயந்திரத்தையே டென்னி உருவாக்கினார். அதற்கு ‘தானியங்கி கிரிஸ்பின்’ என்று பெயர். அட்டவணைப்படி மணிக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் பாதையை இயக்க அவருக்கு மனம் வரவில்லை. 2009-இல் அவர் காலமானார். அவருடைய பாதை அழியாமல் காப்பாற்றப்பட்டு, அதே முறையில் ஓடுகிறது.

இதற்கெல்லாம் பெரிய அறை வேண்டும் என்று நினைப்பவர்கள் ஆலன் ரைட்டின் ‘இங்கிள்நூக் சைடிங்ஸ்’ அமைப்பைப் பார்க்க வேண்டும். இரண்டு பாயின்ட், மூன்று தடம், ஒரு ஷன்டிங் நெக். பிரிட்டிஷ் குட்டை வேகன்களுக்குச் சுமார் நான்கடிப் பலகை போதும். ஒரு தடத்தில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. ஷன்டிங் நெக்கில் எஞ்சினும் மூன்று வேகனும். மொத்தம் எட்டு வேகன். குலுக்கல் முறையில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, குலுக்கலில் வந்த வரிசை மாறாமல் வண்டியாகக் கோக்க வேண்டும். எட்டில் ஐந்தை வரிசையாக எடுத்தால் 6,720 வெவ்வேறு வண்டிகள். நாளுக்கு ஒன்று கட்டினாலும் பதினெட்டு ஆண்டுக்கு மேல் ஓடும்.  குலுக்கலுக்குப் பதில் டக் ஸ்மித்தின் அட்டையை வைத்து, ஒரு தடத்தை மில்லாகவும் இன்னொன்றை நிலக்கரிக் கிடங்காகவும் ஆக்கி, ஷன்டிங் நெக்கின் கோடியில் வண்டி வந்துபோக ஒரு கழற்றி மாட்டும் பலகையைச் சேர்த்தால், புத்தக அலமாரியின் மேல்தட்டிலேயே ஒரு ரயில்வே இயங்கத் தொடங்கிவிடும். அடுத்த ஊருக்கு இடம் கிடைக்கும்போது அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு அங்கிருந்து மெயின் லைனை நீட்டலாம்.